என்னைப் பற்றிய ஒரு காதல் தோல்விப் பாட்டு

ஐம்பத்து மூன்று வயதில், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி எழுதிப் பாடிய காதல் தோல்விப் பாட்டு என்னைப் பற்றியதுதான் என்று முழுசாகப் பதினெட்டு நாட்கள் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனைவியிடமும் சொன்னேன்.

அவள் அப்போது புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்திலிருந்து கையை எடுக்காமலேயே என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும். மாதத்துக்கு இரண்டு முறை கறுப்பாகும் தலை, படிக்கும் கண்ணாடியைத் தேடுவதற்கு இன்னொரு கண்ணாடி தேவைப்படும் கண், சட்டைப் பொத்தான்களைச் சோதிக்கும் வயிறு.

"இன்னாங்க? ஒரு பொண்ணு உங்கள நெனச்சிகினு பாட்டு எழுதியிருக்குதா?"

"என்ன நெனச்சிகினு இல்ல. என்னப் பத்தி."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"நம்ம மைக் செட்டு பொண்ணும்மா. அவ அப்பனும் நானும் பேசாம இருக்கிறதப் பத்தி எழுதியிருக்கா."

"மைக் செட்டு அண்ணன் பொண்ணா? அப்ப சரி" என்று அவள் மறுபடி புளியைக் கரைக்க ஆரம்பித்தாள். இன்னும் கொஞ்ச நேரமாவது கவலைப்பட்டிருக்கலாம்.

கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்த்துவது என் தொழில். அவ்வப்போது பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என் குற்றம். வீடு வடக்கனந்தலில். அதே ஊரில் மைக் செட் வைத்திருப்பவன் என் நண்பன். ஒன்றாம் வகுப்பிலிருந்து நண்பன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, அவன் போகும் மாதா கோயில் பண்டிகை என்று சுற்றுவட்டாரத்தில் யார் எதைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டுமானாலும் அவன் வழியாகத்தான் சொல்ல வேண்டும். விடுமுறை நாட்களில் நானும் அவனோடு போவேன். ஆம்ப்ளிபயரை மடியில் வைத்துக்கொண்டு அவன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து கல்வராயன் மலையின் வளைவுகளில் ஏறியிருக்கிறேன். மழை வந்தால் ஒரே மழைக்கோட்டுக்குள் இருவர். கோட்டின் பெரும்பகுதி ஆம்ப்ளிபயருக்கு, மீதி எங்களுக்கு.

எங்களுக்குள் பேச்சு நின்றது ஒரு சாம்பாரால். இதை எழுத அவனிடம் முறைப்படி அனுமதி வாங்கிவிட்டேன். முன்பு ஒருமுறை வாங்காமல் எழுதி, பட்டது போதும். இரண்டு உண்மைகளை வெளியே சொல்லச் சம்மதித்திருக்கிறான். ஒன்று இப்போதே வருகிறது. மற்றது தன்னால் வரும்.

கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கரும்பு விவசாயி புதுவீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். நான்கு குழாய் ஸ்பீக்கர்கள், நாலு திசைக்கும். ஐயர் மந்திரத்தை முடித்துவிட்டு எழுந்து போயிருந்தார். மைக் எங்கள் பக்கத்தில், ஒரு நாற்காலியின் மேல், பாவம்போலப் படுத்திருந்தது. நாங்கள் இருவரும் ஒலி மிக்சர் பெட்டிக்குப் பின்னால் தட்டில் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வாய் வைத்துவிட்டு நான் சொன்னேன்:

"இன்னாடா சாம்பாரு இது? கோமுகி அணையில மதகத் தொறந்து வுட்ட மாதிரி இருக்குது!"

நாலு திசைக்கும் கேட்டது. கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தவர்கள் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். பந்தியில் எல்லாக் கைகளும் இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றன. வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். நான் தட்டைப் பார்த்தேன். தட்டில் அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்தேன்.

நண்பன் எழுந்து நின்றான். "நாந்தாங்க சொன்னேன். தமாசுக்கு. மைக்கு ஆன்ல இருந்தது தெர்ல. மன்னிச்சிக்குங்க" என்றான்.

வீட்டுக்காரர் அவனைத் திட்டினார். நீளமாக, கிராமத்துக்கே உரிய சொல்வளத்தோடு. நான் சாப்பிட்டு முடித்தேன். திரும்பி வரும்போது, "ஏன்டா அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன். "நீ கவர்மெண்டு ஆளு. நாளைக்கி அவரு ஒரு வேலைக்கி உன் மேசைக்கி வருவாரு. எனக்கு இன்னா, மைக்கு என்னுது, திட்டும் என்னுது" என்றான்.

இதுவரை நான் கோழை மட்டும்தான். எட்டு மாதம் கழித்து எழுத்தாளனும் ஆனேன். அந்தச் சம்பவத்தைக் கட்டுரையாக எழுதினேன். அதில் சாம்பார் வசனத்தைச் சொல்பவர் 'என் நண்பரான மைக் செட்காரர்'. பக்கத்தில் உட்கார்ந்து நாகரிகமாக நெளிபவர் நான். ஏன் அப்படி எழுதினேன் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால், அந்த வசனம் மைக் செட்காரர் வாயில்தான் நன்றாக உட்கார்கிறது என்று இலக்கியக் காரணம் சொல்லியிருப்பேன். பெயர் போடவில்லை என்பது என் வாதம். வடக்கனந்தலில் அவனை விட்டால் வேறு மைக் செட் இல்லை என்பது ஊரின் வாதம். யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போட, கரும்பு விவசாயி மறந்துபோயிருந்த சாம்பாரை மறுபடி நினைத்துக்கொண்டார். அவர் பங்காளிகள் வீட்டு விசேஷங்களுக்கு வேறு ஊரிலிருந்து மைக் செட் வந்தது. டீக்கடையில் நண்பனைப் பார்த்து, "இன்னாப்பா, மதகத் தொறந்துட்டாங்களா?" என்று கேட்பது ஒரு வழக்கமாகவே ஆனது.

நான் பத்திரிகைப் பிரதியோடு, கொஞ்சம் பெருமையோடும், அவன் கடைக்குப் போனேன். அவன் ஒரு ஸ்பீக்கரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். திருப்புளியை வைத்துவிட்டுச் சொன்னான்:

"அன்னிக்கி நான் பொய் சொன்னது உனக்காக. நீ பொய் எழுதினது யாருக்காகடா?"

பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டேன். வெளியே வந்தேன். நான்கு வருடம் உள்ளே போகவில்லை. இடையில் என் பையனின் நிச்சயதார்த்தத்துக்கு வெளியூர் மைக் செட்டை வரவழைத்தேன். அது காலையிலிருந்து மாலை வரை கீச்சிட்டது. தெருவில் ஒருவர்கூட மைக் செட்காரரைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

இந்த நிலையில்தான் பாட்டு வந்தது.

முதலில் டவுன் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண்ணின் போனில் கேட்டேன். மறுநாள் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் தட்டும் பெண்ணுக்கு அதுவே ரிங்டோன். ஒரு கிட்டார், ஒரு குரல், வேறு ஒன்றுமில்லை. அழுகிற குரல் அல்ல. அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு வந்த குரல். தேடிப் போட்டுப் பார்த்தால் தெரிந்த முகம். என் நண்பனின் மகள். நான்கு வயதில் அப்பா கடையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று "அலோ மைக் டெஸ்டிங்" சொன்ன குழந்தை. மாதா கோயில் பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். இப்போது சென்னையில் வேலை. சனி ஞாயிறில் சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடி இணையத்தில் ஏற்றுகிறாள்.

பாட்டு இப்படித் தொடங்கியது:

*ரெண்டு கிளாஸு கழுவி வச்சேன்,*
*ஒண்ணுலதான் டீ ஊத்தறேன்.*

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து ஒரே மழைக்கோட்டில் இருவராக நனைந்த மழை இப்போது ஒருவர் மேல் மட்டும் பெய்வதாக வந்தது. அதற்கடுத்த சரணம்:

*ஊரு சிரிக்க நீ சொன்ன கதையில*
*சிரிக்காத ஆளு நான் மட்டும்.*

வீடியோவின் கடைசியில், ஒரு மேசைமேல் கவிழ்த்து வைத்த டீ கிளாஸ். அதன் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு.

அந்தப் பொட்டை எனக்குத் தெரியும். எனக்குச் சர்க்கரை நோய் வந்த புதிதில், நண்பனின் வீட்டோடு ஒட்டிய கடையில் டீ மாறிப் போகாமலிருக்க அவன் மனைவி என் கிளாஸுக்கு வைத்த நகப்பாலிஷ் பொட்டு அது. பொட்டு வைத்த கிளாஸ் சர்க்கரை இல்லாதது, என்னுடையது.

இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன சாட்சி வேண்டும்? தினம் காலை அலுவலகம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். சில நாள் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்தவர் "தூசி ஜாஸ்திங்க" என்று ஜன்னலை மூடிவிட்டார். வெட்கத்தோடு கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதை மறைக்க முடியாது. முப்பது வருடமாக எழுதுகிறேன். என்னைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது ஊரெல்லாம் முணுமுணுக்கும் பாட்டில் நான் வில்லன். கீழே கருத்துகளையும் விடாமல் படித்தேன். 'அக்கா, உங்கள விட்டுட்டுப் போனவன் நல்லாவே இருக்க மாட்டான்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்று மாலை எனக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது.

பதினெட்டாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் அவளே நின்றுகொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்திருக்கிறாள்.

"மாமா! எப்பிடி இருக்கீங்க? அத்த நல்லாருக்காங்களா?"

"பாட்டு கேட்டேம்மா" என்றேன். குரலைத் தாழ்த்தினேன். "தப்பு என் பேர்லதாம்மா."

அவள் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னா தப்பு மாமா?"

"எல்லாமே. மழைக்கோட்டு. ஊரு சிரிக்கச் சொன்ன கதை. எல்லாத்தையும் நீ எழுதினது சரிதான். உங்கப்பாவுக்கு நான் செஞ்சது…"

அவளுக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் சாத்துக்குடி ஜூஸ் மூக்கில் ஏறிவிட்டது. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். தலையில் தட்டச் சொன்னார். நான் தட்டினேன். அவள் சிரித்து முடிக்கும்வரை தட்டினேன்.

"மாமா, அது எங்கூட வேல செஞ்ச ஒரு பையன் மாமா! மேடையில ஏறி நின்னுகினு காமெடி பேசுவான். எங்க ரெண்டு பேரு விஷயத்தையே வச்சி ஒரு நாள் பேசிட்டான். நான் எதிர்ல உக்காந்துகினு இருக்கேன், எல்லாரும் சிரிக்கிறாங்க. இந்த காமெடி பண்றவங்களையே நம்பக் கூடாது மாமா." என்னைப் பார்த்தாள். "சாரி மாமா."

"பரவால்ல. மழைக்கோட்டு?"

"அவனுதுதான். மெட்ராஸ் மழை."

"சிவப்புப் பொட்டு கிளாஸு?"

"வூட்டுலதான் வீடியோ எடுத்தேன். கைக்குக் கெடச்சது அதான்."

பதினெட்டு நாள் வில்லனாக இருந்தவன் அந்த ஜூஸ் கடையில் வேலையிழந்தேன். கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"ஆனா மாமா, அந்தக் கிளாஸத் தூக்கிப் போடுன்னு அம்மா எத்தினி வாட்டி சொல்லியிருக்கும் தெரியுமா? அப்பா வுடல. டீ போடறப்ப தெனம் அதையும் சேத்துக் கழுவி வச்சிருவாரு. ஊத்த மாட்டாரு. சும்மா கழுவி வப்பாரு. அதப் பாத்துதான் மொத ரெண்டு வரியும் வந்துச்சி. மிச்ச பாட்டெல்லாம் அந்தப் பையனுது. அந்த ரெண்டு வரி வேணும்னா உங்களுது. எடுத்துக்குங்க."

எடுத்த பையைக் கீழே வைத்தேன்.

"அப்பா எங்கம்மா?"

"மல மேல ஒரு கல்யாணம். கரியாலூர்கிட்ட. இந்நேரம் மரத்துல ஏறி ஒயர் கட்டிகினு இருப்பாரு."

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அருவிக்குப் போகும் இளைஞர்கள் பஸ் முழுக்க. அவர்கள் போனில் அதே பாட்டு. நான் எழுந்து நின்று 'முதல் இரண்டு வரி என்னுடையது' என்று அறிவிக்கவில்லை. ஓரளவு திருந்தியிருந்தேன். மலை ஏற ஏற, சொல்ல வேண்டியதை மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். முதல் வளைவில் மூன்று வரியாக இருந்த மன்னிப்பு, மேலே போய்ச் சேர்வதற்குள் முன்னுரை, மேற்கோள், முடிவுரையோடு ஒரு கட்டுரையாகிவிட்டது. அவன் அதைக் கேட்க மறுத்தால் திரும்பி வரும் பஸ்ஸில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்பது மட்டும் தெரியவில்லை.

இறங்கியதும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. "அலோ… அலோ… ஒன், டூ…" என்று மலையெங்கும் அவன் குரல். நான்கு வருடமாக அது தெருவில் கேட்டால் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

மரவள்ளிக் கொல்லையை ஒட்டி ஒரு பலாமரம். அதில் சாத்திய ஏணியின் உச்சியில் அவன், குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். நான் மேலே பார்த்தபடி நின்றேன். பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று முன்னுரையைத் தேடினேன்.

"அந்த ஒயரப் புடி" என்றான்.

பிடித்தேன்.

"இழுத்துப் புடிடா. சோறு துன்னல?"

அவனோடு வரும் ஆள் அன்றைக்கு வரவில்லை. அரைமணி நேரம் ஒயர் பிடித்தேன், கயிறு எறிந்தேன், ஒரு கட்டெறும்பிடம் கடி வாங்கினேன். வேறு பேச்சே இல்லை. வேலை முடிந்து, ஆம்ப்ளிபயர் பெட்டிகள்மேல் உட்கார்ந்தோம். அவனுக்கு வலப்பக்கம் மிக்சர் இருந்ததால் நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். மைக் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். பிறகு, யார் காதிலும் விழாதபடி மெதுவான குரலில், ஆரம்பித்தேன்.

கால்மணி நேரம் பேசினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நேர்மையாக ஒருபோதும் பேசியதில்லை. கோழைத்தனம், எழுத்தாளனின் பேராசை, அவன் கேட்ட கேள்விக்கு நான்கு வருடமாகப் பதில் தேடியது, ஒன்று விடவில்லை. அவன் எதிரே பலாமரத்தைப் பார்த்தபடி, அவ்வப்போது தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். "சாம்பாரப் பத்திச் சொன்னது நான்தான்டா, நீ இல்ல. அத அங்கயே எழுந்து நின்னு சொல்லியிருக்கணும்" என்று குரல் உடைந்து சொன்னேன்.

"நாலு மணிக்கு பொண்ணு வூட்டுக்காரங்க வந்துருவாங்க" என்றான்.

பெருந்தன்மையுள்ளவர்கள் இப்படித்தான் பேச்சை மாற்றுவார்கள் என்று படித்திருக்கிறேன். என் கண் நிறைந்துவிட்டது.

அவன் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி நீட்டினான். "சக்கர இல்லாதது. குடி. எனக்கும் வந்துருச்சிடா, ரெண்டு வருஷமா."

அப்படியானால் இரண்டு வருடமாக எங்கள் இருவர் டீயும் ஒன்றுதான், பொட்டுக்கே தேவையில்லை; ஆனாலும் அந்தக் கிளாஸைத் தனியாகக் கழுவி வைத்திருக்கிறான். டீயைக் குடித்தேன்.

கல்யாணச் சாப்பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சாம்பார் வந்தது. அவன் எழுந்து போய் மைக்கின் ஒயரையே பிடுங்கி, மைக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். "இப்ப சொல்லு. சாம்பாரு எப்பிடி?"

"நல்லாருக்குது" என்றேன்.

"பயந்துட்டான்யா!" என்று அவன் சிரித்த சிரிப்புக்கு மைக் தேவைப்படவில்லை.

மறுவாரம் இருவரும் அந்தக் கரும்பு விவசாயி வீட்டுக்குப் போனோம். உண்மையைச் சொன்னேன். அவர், "எவன் சொன்னா இன்னாங்க, சாம்பாரு தண்ணியாத்தான் இருந்துச்சி" என்றார். இப்போது பஸ்ஸைவிட்டு இறங்கினால் நேராகக் கடைக்குத்தான் போகிறேன். பொட்டு வைத்த கிளாஸில் டீ வருகிறது. அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவள் அம்மாவின் நகப்பாலிஷுக்கும். முகம் தெரியாத அந்த மேடைப் பையனுக்கும்கூட. அவன் அவளை நோகடிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டு இல்லை, நான் மலைக்குப் பஸ் ஏறியிருக்கவும் மாட்டேன். இதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

மற்றதையெல்லாம் சொன்னேன். கல்யாணம் முடிந்த மறுநாளே சென்னைக்குப் போன் போட்டு, நான் பேசிய கால்மணி நேரத்தையும் பேசிக்காட்டி, உங்கப்பா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் எவ்வளவு பொறுமையாகக் கேட்டார் தெரியுமா என்று உருகினேன்.

அவள் கேட்டாள்:

"எந்தப் பக்கம் உக்காந்துகினு சொன்னீங்க மாமா?"

"இடது பக்கம். ஏம்மா?"

"அந்தக் காது ரெண்டு வருஷமா அவுட்டு மாமா. தெனம் ஸ்பீக்கர் பாக்ஸு பக்கத்துலயே நின்னு நின்னு போயிடிச்சி. தொழிலுக்கு ஆகாதுன்னு யாருகிட்டயும் சொல்றதில்ல, சும்மா தலைய மட்டும் ஆட்டுவாரு. இன்னொரு வாட்டி வலது பக்கம் உக்காந்து சொல்லிடுங்க. கொஞ்சம் சுருக்கமா."